மொட்டை கோபுரத்தை யாராவது இடித்தார்களா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் அமர்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்கு இப்பவே பதில் எழுதிக்கொண்டிருக்கிற அன்பு நண்பர்களே! (சிரிப்பு) பாலத்துக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டையிலிருந்தும், இந்தப் பக்கம் உத்தர வீதி, சித்திரை வீதியிலிருந்தும் வந்து, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

"தொடக்கப் பள்ளியில் பின்தங்கிய பிள்ளை முன்னேறுவது, அதே வகுப்பில் நிறுத்துவதாலா? அடுத்த வகுப்புக்கு அனுப்பிக் கற்றுக்கொடுப்பதாலா?" இதுதான் தலைப்பு. நான் அனுப்பிக் கற்றுக்கொடுக்கிற கட்சி.

எனக்கு முன்னால் பேசின எதிரணி அம்மையார் ஒரு உதாரணம் சொன்னாங்க. நல்ல உதாரணம், நானே கைதட்டினேன். "அரிசி வேகலைன்னா இறக்கி வச்சுப் பரிமாறுவீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பிலேயே வைக்க மாட்டீங்களா? அதேதான் ஐயா, மூணாம் வகுப்புல வேகாத பிள்ளையை இன்னும் ஒரு வருஷம் மூணாம் வகுப்புலயே வைக்கிறது"ன்னாங்க. அம்மா, உங்க சமையலை நான் சாப்பிட்டதில்லை. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். அரிசி ஏன் வேகலைன்னு மூடியைத் திறந்து பாத்தீங்களே, குனிஞ்சு அடுப்பைப் பாத்தீங்களா? கேஸ் தீர்ந்துபோன அடுப்புல இன்னும் ஒரு மணி நேரம் வச்சா சோறாகுமா, ஊறல் அரிசியாகுமா? (பலத்த கைதட்டல்)

இது வெறும் பேச்சுக்குச் சொல்லலை ஐயா. அடுப்பு எரியாத ஒரு வீட்டுக் கதை எனக்குத் தெரியும். எங்க வீட்டுக் கதைதான். எங்க அக்கா கதை. "நாளைக்கு மேடையில உன் கதையைச் சொல்லட்டுமா?"ன்னு நேத்து ராத்திரி கேட்டேன். "சொல்லு, பேரைச் சொல்லிடாதே, சந்தையில கேலி பண்ணுவாங்க"ன்னுச்சு. அதனால பேர் கிடையாது. அக்கா, அவ்வளவுதான்.

எங்க அம்மா பூ வியாபாரம். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போய் உதிரிப்பூ வாங்கிட்டு வருவாங்க. ஒரு கூடை மல்லிகை, ஒரு கூடை கதம்பத்துக்கான சரக்கு. கோயிலுக்குப் போற ஜனங்க வர்றதுக்குள்ள அது முழம் முழமாக் கட்டி ஆகணும். அம்மா ஒரு கூடை, அக்கா ஒரு கூடை. நடுவுல கைக்குழந்தை வேற. அதைத் தூங்க வச்சுட்டு, கட்டின பூவை அம்மா உக்கார்ற இடத்துல கொண்டுபோய்க் கொடுத்துட்டு, கையில மரிக்கொழுந்து வாசனையோட அக்கா பள்ளிக்கூடத்துக்குள்ள நுழையறப்ப மணி பத்தரை. பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு ஆரம்பம். முதல் பாடவேளை கணக்கு.

இப்பப் புரியுதா நடுவர் ஐயா? தமிழ்ல அக்கா நல்லாப் படிக்கும். பாட்டெல்லாம் ஒப்பிக்கும். கணக்கு மட்டும் வராது. வராதுன்னா, வர்ற நேரத்துல அக்கா வகுப்புல இருக்காது. 1969-ல மூணாம் வகுப்பு. ஏப்ரல்ல பெயில். சரி, இன்னொரு வருஷம் அதே வகுப்பு. அதே வாத்தியார், அதே புத்தகம், அதே பெஞ்சு. முதல் பாடவேளை என்ன? அதே கணக்கு! அக்கா வர்ற நேரம்? அதே பத்தரை! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. நானும் இப்ப சிரிக்கிறேன். அந்த வருஷமும் பெயில். ஒரு பிள்ளை எந்தக் காரணத்தால தோத்துச்சோ, அந்தக் காரணத்தையும் சேர்த்துத்தான் ஐயா திரும்பப் படிக்க வச்சாங்க!

வாத்தியார் கெட்டவர்னு நான் சொல்ல வரலை. அறுபது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்? ஆனா "ஏம்மா, தினமும் ஏன் லேட்டு?"ன்னு ஒரு நாள் கேட்டிருந்தா, கணக்கைச் சாயங்காலத்துக்கு மாத்தியிருக்கலாம். இல்லை, மதியம் அரை மணி உக்கார வச்சுச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். கேக்கலை. கேக்கறதுக்குத் தேவை இல்லாமப் போச்சு. ஏன்னா கையில ஒரு சுலபமான மருந்து இருந்தது. ரெஜிஸ்தர்ல சிவப்பு மையால ஒரே எழுத்து, "பெ".

இதுல இன்னொண்ணு இருக்கு. இதுவரைக்கும் நான் எந்த மேடையிலேயும் சொன்னதில்லை. அக்கா எனக்கு ரெண்டு வயசு மூப்பு. அது மூணாம் வகுப்புல ரெண்டு வருஷம் நின்னதால, மூணாவது வருஷம் நான் அதே வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு. நான் கணக்குல கெட்டிக்காரன். ஏன் கெட்டிக்காரன்? ஒன்பதரைக்கு டாண்ணு உக்காந்திருப்பேன். ஏன் உக்காந்திருப்பேன்? நான் ஆம்பளைப் பிள்ளை, என்னைப் பூ கட்டச் சொல்ல மாட்டாங்க! என் பங்குப் பூவையும் சேர்த்து யார் கட்டினது? (கூட்டத்தில் அமைதி) நான் பாஸானதும் அக்கா பெயிலானதும் ஒரே கூடைப் பூவுலதான் ஐயா.

அந்த வருஷம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு நீயே சொல்லிக்கொடுடா"ன்னார். வகுப்பே சிரிச்சது. மறுநாள் அக்கா பத்தரைக்கும் வரலை, பதினொண்ணரைக்கும் வரலை. அப்புறம் வரவே இல்லை. வயசு பத்து. வீட்டுல யாரும் அழலை. அம்மாவுக்கு ஒரு கை உதவியாச்சு. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு. கணக்குல தோத்த எங்க அக்காவோட இன்னிக்கு நீங்க சந்தையில போய்ப் பேரம் பேசிப் பாருங்க. கால் கிலோ மல்லிக்கு எத்தனை முழம் தேறும், முழம் என்ன விலைக்குக் கொடுத்தா கட்டும், வாடினது போக மிச்சம் என்னன்னு நீங்க செல்போனை எடுக்கறதுக்குள்ள சொல்லிடும்! (கைதட்டல்)

"உங்க வீட்டுக் கதையை வச்சு நாட்டுக்குச் சட்டம் போட முடியுமா?"ன்னு எதிரணி நண்பர் கேப்பார். அதோ பாருங்க, எழுதிட்டார். (சிரிப்பு) சரி, நாட்டுக் கதைக்கே வர்றேன்.

வெள்ளைக்காரன் காலத்துல, 1929-ல, ஹார்டாக் குழுன்னு ஒரு குழு அறிக்கை கொடுத்தது. இந்தியாவுல தொடக்கக் கல்வி எப்படி நடக்குதுன்னு பாத்தாங்க. 1922-23-ல ஒண்ணாம் வகுப்புல 100 பிள்ளைங்க சேர்ந்தா, 1925-26-ல நாலாம் வகுப்புல எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமா? பதினெட்டு! நூத்துக்கு 18! மிச்சம் 82 பேர் எங்கே? ஒண்ணு, பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிட்டான். இல்லை, பெயிலாகி அதே வகுப்புல உக்காந்திருக்கான். முதலாவதுக்கு "விரயம்"னு பேர் வச்சாங்க, ரெண்டாவதுக்குத் "தேக்கம்"னு பேர் வச்சாங்க. ரெண்டும் தனித்தனி வியாதி மாதிரி பேர் வச்சிருக்காங்க. எங்க வீட்டைப் பொறுத்தவரை அது ஒரே வியாதிதான் ஐயா. முதல்ல தேங்கும், அப்புறம் விரயமாகும். தேங்கின தண்ணி எத்தனை நாளைக்கு நிக்கும்? ஒரு நாள் கரையை உடைச்சிக்கிட்டுப் போயிடும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. யுனெஸ்கோ 2012-ல ஒரு கணக்கு வெளியிட்டது. 2010-ஆம் வருஷம் ஒரே வருஷத்துல உலகம் முழுக்கத் தொடக்கப் பள்ளியில அதே வகுப்பைத் திரும்பப் படிச்ச பிள்ளைங்க 3 கோடியே 22 லட்சம். இடையில நின்னவங்க 3 கோடியே 12 லட்சம். ரெண்டு எண்ணும் பக்கத்துல பக்கத்துல நிக்குது பாருங்க, அக்கா தங்கை மாதிரி!

பிரான்ஸ் தேசம் இருக்கே, அங்கே பெயில் போடுறது ஒரு பழக்கமாவே இருந்தது. 2003-ல அங்கே 15 வயசுப் பிள்ளைங்கள்ல ஏறக்குறைய நூத்துக்கு 38 பேர் ஒரு தடவையாவது அதே வகுப்பைத் திரும்பப் படிச்சவங்க. பிறகு அவங்களே யோசிச்சு, 2014-ல "இது விதிவிலக்காத்தான் இருக்கணும்"னு விதி கொண்டு வந்தாங்க. அந்தப் பக்கம் ஜப்பானைப் பாருங்க, நார்வேயைப் பாருங்க. வருஷம் பிறந்தா எல்லாப் பிள்ளையும் அடுத்த வகுப்பு. ஜப்பான்காரன் படிக்காமலா ரயிலு விட்டான்? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில இளைஞர் ஒருத்தர் திருவானைக்கோவில் பெருமையைப் பேசினார். 1888-ல அங்கே பிறந்த சர் சி.வி. ராமன் 11 வயசுலயே மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினார், தேர்வுன்னு ஒண்ணு இருந்ததாலதானே ராமன் வந்தார்னார். தம்பி, ராமன் எல்லாத் தேர்விலேயும் ஜெயிச்சவர். நாம இங்கே பேசறது தோத்த பிள்ளையைப் பத்தி! நோபல் பரிசு வாங்கினவருக்குத் தச்ச சட்டையைத் தெப்பக்குளத்துல பொரிகடலை விக்கிறவர் மகனுக்கு மாட்டி, "ஏண்டா உனக்குப் பொருந்தலை"ன்னு அடிச்சா என்ன நியாயம்?

நடுவர்: ராமனை விட்டுடுங்க, அவர் இன்னிக்கு ரெண்டு அணிக்கும் பேசிட்டார். (சிரிப்பு)

விட்டுட்டேன் ஐயா. சட்டத்துக்கு வர்றேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்தது, 2010 ஏப்ரல் ஒண்ணாம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதுல 16-ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது, வெளியே அனுப்பவும் கூடாதுன்னு சொல்லுச்சு. 2019-ல அதைத் திருத்தினாங்க. அஞ்சாம் வகுப்பிலேயும் எட்டாம் வகுப்பிலேயும் தேர்வு வைக்கலாம். தோத்தா கூடுதலாச் சொல்லிக்கொடுத்து ரெண்டு மாசத்துக்குள்ள மறுதேர்வு வைக்கணும். அதிலேயும் தோத்தா நிறுத்தலாம். எப்படின்னு அந்தந்த மாநிலம் முடிவு பண்ணிக்கலாம்னாங்க.

நம்ம தமிழ்நாட்டுல என்ன நடந்தது? 2019 செப்டம்பர்ல, அஞ்சாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வுன்னு அரசாணை வந்தது. அந்த அஞ்சு மாசம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல ஒரு வீடு. பொண்ணுக்குப் பத்து வயசு. பால் பல்லு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அது விடியக்காலம் நாலரைக்கு வாசல்ல உக்காந்து மனப்பாடம் பண்ணுது. அவங்க தாத்தா என்கிட்ட வந்து, "சார், இதுக்கு எந்த ஊர்ல சென்டர் போடுவாங்க? நான் கூடப் போகலாமா?"ன்னு கேக்கறார். பேத்தி பரீட்சை எழுதப் போறாளா, பாஸ்போர்ட் எடுக்கப் போறாளா! (சிரிப்பு) எதிர்ப்பு பலமா வந்தது. 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. அந்தப் பொண்ணு அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே தூங்கிப் போச்சுன்னு அவங்க அம்மா சொன்னாங்க.

அதுக்கப்புறம் 2024 டிசம்பர்ல மத்திய அரசு தன் விதிகளைத் திருத்தி, கேந்திரிய வித்யாலயா மாதிரி தன் கையில இருக்கிற பள்ளிகள்ல அஞ்சிலேயும் எட்டிலேயும் நிறுத்தி வைக்கலாம்னு கொண்டு வந்தது. இந்தியாவுல பல மாநிலங்களும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. எதிரணி நண்பர் சொன்னது உண்மை, நான் மறைக்கலை. அப்போதைய நம்ம பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, தமிழ்நாட்டுல எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்க மாட்டோம்னு உடனே அறிவிச்சார். 2025 ஆகஸ்டுல வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே சொல்லுச்சு. ஆக, இன்னிக்கு நம்ம வாதம் ஏதோ பொழுதுபோக்கு இல்லை. நம்ம தெருவுல ரெண்டு பள்ளிக்கூடம் இருந்தா, ஒண்ணுல ஒரு சட்டம், இன்னொண்ணுல ஒரு சட்டம்.

இப்ப எதிரணியோட பலமான வாதத்துக்கு வர்றேன். பலவீனமானதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்தா அது பட்டிமன்றம் இல்லை. அவங்க சொன்னாங்க: "எல்லாரையும் தள்ளிவிட்டீங்க, அஞ்சாம் வகுப்புப் பையனுக்கு ரெண்டாம் வகுப்புப் பாடம் படிக்கத் தெரியலை." உண்மைதான். 'அசர்'னு ஒரு அறிக்கை வருது. படிச்சா நாம அசந்துதான் போவோம். கிராமப்புற இந்தியாவுல வீடு வீடாப் போய்ப் பிள்ளைங்களைப் படிக்கச் சொல்லி எடுக்கிற கணக்கு. 2024-ல அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க நூறு பேர்ல ரெண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிஞ்சவங்க ஏறக்குறைய 49 பேர்தான். இதுக்கு நான் வெக்கப்படறேன். இதைச் சரின்னு சொல்ல நான் இங்கே நிக்கலை.

ஆனா அதே அறிக்கையைக் கொஞ்சம் பின்னாடி புரட்டுங்க. 2009. சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரலை. அப்ப எத்தனை? ஏறக்குறைய 53. சட்டம் வந்த பிறகு 2012-ல 47-ஆ இறங்கிச்சு. அந்த ஆறு பேருக்குக் காரணம் பெயில் இல்லாததுதான்னு நீங்க வாதம் பண்ணுங்க, நான் கேட்டுக்கறேன். என் கேள்வி வேற. சட்டம் வர்றதுக்கு முந்தின கணக்கிலேயே நூத்துக்கு 47 பேருக்குப் படிக்கத் தெரியலையே! அந்த 47 பேரை உங்க பயம் என்ன பண்ணுச்சு? (கைதட்டல்)

பயம் இருந்தாத்தான் படிப்பான்கிறாங்க. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஏப்ரல்ல வரப்போற பெயிலை நினைச்சு ஜூலையில பயம் வருமா? அதுக்கு நாளைக்கு என்ன கிழமைன்னே தெரியாது! நமக்கே மார்ச் மாசம் வந்தாத்தானே வருமான வரி ஞாபகம் வருது! (பலத்த சிரிப்பு) பயம் பிள்ளைக்கு வர்றதில்லை. பெத்தவங்களுக்கு வரும். அவங்க கையில இருக்கிற கரண்டிக்கு வரும்.

இன்னொரு நண்பர் அமெரிக்காவுக்கே போயிட்டார். ஃப்ளோரிடா மாநிலத்துல 2002-ல சட்டம் போட்டாங்க, மூணாம் வகுப்புல வாசிக்க வரலைன்னா நிறுத்தினாங்க, பிள்ளைங்க முன்னேறினாங்கன்னார். சரியாத்தான் சொன்னார். பாதி சொன்னார். மீதியை நான் சொல்றேன். அங்கே நிறுத்தி வச்ச பிள்ளைக்குக் கோடை விடுமுறையில வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிஷம் வாசிப்புப் பயிற்சி, அதுக்கு நல்லாச் சொல்லித்தர்ற ஆசிரியரா பாத்துக் கொடுக்கணும்னு சேர்த்தே எழுதினாங்க. முன்னேற்றம் இருந்தது. அதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டா வருஷம் போகப் போக அது குறைஞ்சுக்கிட்டே வந்ததுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. பள்ளிக்கூடம் முடிச்சு வெளியே வந்தவங்க எண்ணிக்கை அதால கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐயா, காய்ச்சல்காரனுக்கு மாத்திரையும் கொடுத்து, தலையில ஒரு குட்டும் வச்சு, அவன் பொழைச்ச பிறகு "பாத்தீங்களா, குட்டினதால பொழைச்சான்"னு சொன்னா எப்படி? (கைதட்டல்) அந்த 90 நிமிஷத்தைக் குட்டாம கொடுங்கன்னுதான் நான் கேக்கறேன்.

நம்ம 2019 திருத்தத்திலேயே ரெண்டு மாசம் கூடுதலாச் சொல்லிக்கொடுக்கணும்னு இருக்கே. அதைப் பெயிலான பிறகுதான் கொடுப்பீங்களா? அந்த ரெண்டு மாசத்தை ஜூன், ஜூலையிலேயே கொடுத்தா யார் வேண்டாம்னாங்க?

கொடுத்தா நடக்குமான்னு கேட்டா, நடந்திருக்கு. நம்ம ஊர்லயே நடந்திருக்கு. கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் ஒண்ணரை வருஷத்துக்கு மேல மூடிக் கிடந்தது. ஒரு பிள்ளை இல்லை, ரெண்டு பிள்ளை இல்லை, ஒரு மாநிலமே பின்தங்கிப் போச்சு! எதிரணி மருந்துப்படி என்ன பண்ணியிருக்கணும்? எல்லாரையும் அதே வகுப்புல உக்கார வச்சிருக்கணும். பண்ணலை. எல்லாரையும் மேலே அனுப்பினாங்க. அனுப்பிட்டுச் சும்மா இருக்கலை. 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் ஒரு ஒண்ணரை மணி நேரம். அந்தந்தத் தெருவுலயே படிச்ச பொண்ணுங்க, தன்னார்வலர்களா, திண்ணையிலேயும் சமுதாயக் கூடத்திலேயும் உக்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. கிராமப்புறத் தமிழ்நாட்டுல சுமார் 19,000 பிள்ளைங்களைச் சோதிச்சுப் பாத்த ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடம் திறந்த ஆறு மாசத்துல, இழந்ததுல மூணுல ரெண்டு பங்கைப் பிள்ளைங்க மீட்டுட்டாங்க. அந்த மீட்சியில ஏறத்தாழ கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால வந்தது. ஒரு பிள்ளையும் பெயில் இல்லை!

சாயங்கால வகுப்புன்னு சொல்லும்போது என் நினைப்பு எங்கே போகும்னு உங்களுக்குத் தெரியும். 1970-ல அந்தத் திண்ணை எங்க தெருவிலேயும் இருந்தது. திண்ணைக்குப் பஞ்சம் இல்லை ஐயா ஸ்ரீரங்கத்துல.

2022-ல 'எண்ணும் எழுத்தும்'னு இன்னொரு திட்டம். அதுல பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்னு பாத்து மூணு நிலையாப் பிரிக்கிறாங்க. அந்த நிலைங்களுக்கு என்ன பேர் தெரியுமா? அரும்பு, மொட்டு, மலர். பூக்காரம்மா பிள்ளை நான், எனக்கு அந்தப் பேர்களைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அரும்பு மலரலைன்னு எந்தப் பூக்காரியாவது கூடையில இருந்து எடுத்து வீசுவாளா? அரும்பைத்தான் முதல்ல எடுத்துக் கட்டுவாங்க. சாயங்காலம் தலையில வச்சப்புறம் விரியும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, பேர் வச்சா மட்டும் போதாது. அரும்புன்னு பிரிச்ச பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு ஆசிரியர் உக்காரணும். ஒரே ஆசிரியர் மூணு வகுப்பைப் பாக்கிற பள்ளிக்கூடத்துல அது எப்படி முடியும்னு எதிரணி கேட்டா, அந்தக் கேள்வியில நானும் அவங்க கட்சிதான்.

நடுவர்: கட்சி மாறாதீங்க, தீர்ப்பு எழுதற எனக்குக் கஷ்டம்! (சிரிப்பு)

இதே திருச்சி மாவட்டத்துல பாப்பாக்குறிச்சின்னு ஒரு ஊர். 1982 ஜூலை ஒண்ணாம் தேதி அங்கேதான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சார். அதுக்கு முன்னாலேயே காமராஜர் மதிய உணவு போட்டார். 2022-ல இருந்து காலைச் சிற்றுண்டியும் வந்தது. இத்தனை அண்டா, இத்தனை அடுப்பு, இத்தனை மூட்டை அரிசி, எதுக்கு? பிள்ளை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வரணும்னு! இத்தனை செலவு பண்ணிச் சோறு போட்டு உள்ளே அழைச்சுட்டு வந்த பிள்ளையை, ஏப்ரல் மாசம் ஒரு சொட்டு சிவப்பு மையைச் செலவு பண்ணி வெளியே அனுப்பலாமா? (நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு விஷயம் ஐயா, ரெண்டு நிமிஷம்.

இங்கே இருக்கிற பெரியவங்க எல்லாரும் மொட்டை கோபுரத்தைப் பாத்தவங்க. விஜயநகரக் காலத்துல ஆரம்பிச்சு, பாதியில நின்னு, ஏறத்தாழ 400 வருஷம் மொட்டையாவே நின்னது. நானும் அக்காவும் அதைப் பாத்துக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போனோம். 1979-ல அகோபில மடம் ஜீயர் சுவாமிகள் எடுத்துக் கட்ட ஆரம்பிச்சார். 1987-ல 13 நிலை, 236 அடி, ராஜகோபுரமா நின்னது! கட்டறப்ப யாராவது, "இது 400 வருஷமா பெயில், இடிச்சுட்டு அஸ்திவாரத்துல இருந்து திரும்ப ஆரம்பிங்க"ன்னு சொன்னாங்களா? இருக்கிறது எந்த அளவுக்குப் பலமா இருக்கு, எந்த இடத்துல நின்னிருக்குன்னு பாத்தாங்க. அந்த இடத்துல சாரம் கட்டினாங்க. மேலே ஏறினாங்க! அக்காவுக்குத் தமிழ் வந்தது, பாட்டு வந்தது, எழுத்து வந்தது. நின்ன இடம் கணக்கு ஒண்ணுதான். அந்த ஒரு இடத்துக்குச் சாரம் கட்டாம, வந்த தமிழையும் சேர்த்து மூணு தடவை இடிச்சாங்க. (பலத்த கைதட்டல்)

நேத்து ராத்திரி இந்தக் கதையைச் சொல்லச் சம்மதம் வாங்கிட்டு நான் எழுந்திருக்கும்போது, பூ கட்டிக்கிட்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலேயே கேட்டுச்சு: "ஏண்டா, அந்தக் கணக்கைச் சாயங்காலம் வச்சிருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்ல?"

"பண்ணியிருப்பேக்கா"ன்னேன்.

"சரி, உங்க நடுவர் என்ன சொல்றார்னு டிவியில பாக்கறேன்"னுச்சு.

பாத்துக்கிட்டிருக்கும் ஐயா. (கைதட்டல்)